எஞ்சின் உண்டு, ஆனால் நம்பிக்கை இறக்கையின் மேல்: இருவர் பறக்கும் அல்ட்ராலைட் மோட்டார் கிளைடர்

எஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் வானில் சுற்றும் சிறு விமானங்களின் காணொளிகள் அவ்வப்போது பரவும். பார்த்ததும் இரண்டு சந்தேகம் வரும். எஞ்சின் நின்றால் விமானம் விழாதா? விழாது என்றால் அதற்கு எஞ்சின் எதற்கு? செய்திகள் இதைச் சில சமயம் கிளைடர் (எஞ்சின் உதவியின்றிக் காற்றில் சறுக்கிப் பறப்பது) என்கின்றன, சில சமயம் விமானம் என்கின்றன, சில சமயம் அல்ட்ராலைட் என்கின்றன. மூன்றும் சரிதான், குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. முதல் இரண்டு பெயர்கள் அது எப்படிப் பறக்கிறது என்பதைச் சொல்பவை. மூன்றாவது, அது எந்தச் சட்டப் பிரிவில் வருகிறது என்பதைச் சொல்வது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் இரண்டு எண்கள்

எஞ்சின் நின்ற எந்த விமானமும் கல் போல விழுவதில்லை. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து முன்னே சறுக்கிக்கொண்டே போகும். எவ்வளவு நன்றாகச் சறுக்குகிறது என்பதை இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

1. சறுக்கு விகிதம். ஒரு மீட்டர் உயரம் இழக்கும்போது எத்தனை மீட்டர் முன்னே போகிறது என்பது. பயிற்சிப் பள்ளிகளில் சாதாரணமாகக் காணும் செஸ்னா 172க்கு இது ஏறத்தாழ 9. போட்டிகளில் பறக்கும் முழுமையான கிளைடர்களுக்கு 50ஐத் தாண்டும். நாம் பேசும், எஞ்சினோடும் எஞ்சினை அணைத்தும் பறக்கும் அல்ட்ராலைட்களுக்கு 25 முதல் 30 வரை.

2. இறங்கு வேகம். காற்று அசையாமல் இருக்கும்போது நொடிக்கு எத்தனை மீட்டர் கீழே வருகிறது என்பது. இந்த வகை விமானங்களில் நொடிக்குச் சுமார் 1 மீட்டர்.

தூரம் போவதற்கு முதல் எண் முக்கியம், மேலேயே தங்குவதற்கு இரண்டாவது. சுற்றியிருக்கும் காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மேலே எழும்பினால், அதற்குள் நொடிக்கு 1 மீட்டர் இறங்கும் விமானம் உண்மையில் நொடிக்கு 1 மீட்டர் ஏறுகிறது. இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு உயரும் பருந்து செய்வதும் இதையேதான்.

நீண்ட இறக்கை எதற்கு

இறக்கை தூக்குவிசையை உண்டாக்கும்போது அதன் நுனிகளில் காற்று சுழன்று வீணாகிறது. இழுவை என்பது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் தடை. அந்தச் சுழலுக்குக் கொடுக்கும் விலைதான் தூண்டல் இழுவை. மெதுவாகப் பறக்கும்போது மொத்த இழுவையில் பெரும்பங்கு இதுவே. இறக்கையின் நீட்டத்தை இரு மடங்காக்கினால், அதே எடைக்கும் வேகத்துக்கும் இந்த இழுவை நான்கில் ஒன்றாகிவிடும். கிளைடர்கள் எல்லாம் ஒல்லியான நீண்ட இறக்கையோடு இருப்பது இதனால்தான்.

இதன் பலனை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 450 கிலோ எடையுள்ள விமானம் நொடிக்கு 1 மீட்டர் இறங்குகிறது என்றால், அதை இறங்காமல் பிடித்துவைக்கத் தேவைப்படும் திறன் 450 × 9.81 × 1, அதாவது சுமார் 4.4 கிலோவாட். புரொப்பல்லரில் வீணாகும் பங்கைச் சேர்த்தாலும் 6 அல்லது 7 கிலோவாட்தான். ஒரு சிறிய ஸ்கூட்டரின் எஞ்சினே இவ்வளவு கொடுத்துவிடும்! 1,100 கிலோ எடையுள்ள செஸ்னா 172க்கு அதன் சிறந்த சறுக்கு வேகத்தில் இதே கணக்கைப் போட்டால் சுமார் 40 கிலோவாட் வருகிறது. எடை இரண்டரை மடங்குதான், தேவைப்படும் திறனோ ஒன்பது மடங்கு.

அப்புறம் ஏன் இவற்றில் 80 குதிரைத்திறன் எஞ்சின் வைக்கிறார்கள்? குறுகிய ஓடுபாதையில் புறப்பட, வேகமாக ஏற, எஞ்சின் ஓட்டத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிப் பயணிக்க. மேலே நிற்க மட்டும் அவ்வளவு தேவையில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு விமானம்

இந்த வகையில் பெயர்பெற்றது ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் உருவாக்கிய சைனஸ். ஐவோ போஸ்கரோல் தொடங்கிய நிறுவனம் அது. இத்தாலிய மொழியில் பிபிஸ்ட்ரெல்லோ என்றால் வௌவால். 1995இல் அறிமுகமான சைனஸில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமரலாம். இறக்கை உடலுக்கு மேலே அமைந்திருக்கிறது, அதன் நீட்டம் ஏறத்தாழ 15 மீட்டர். பரப்பு 12 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். சறுக்கு விகிதம் 27. ஆரம்பத்தில் சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள், பிறகு 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912.

அதன் இறக்கையின் பின்விளிம்பை அருகில் போய்ப் பார்த்தால் வடிவமைப்பாளர் பட்ட பாடு தெரியும். சாதாரண விமானத்தில் பின்விளிம்பின் வெளிப்பாதியில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான், உள்பாதியில் மெதுவாகப் பறக்க உதவும் ஃபிளாப் என்று இரண்டு இருக்கும். இங்கே நுனிவரை ஒரே நீளப் பட்டை, இரண்டு வேலையையும் அதுவே செய்கிறது. கைப்பிடியை இழுத்தால் பட்டை 9 பாகையும் அதற்கு மேல் 18 பாகையும் தாழும். மெதுவாக வட்டமிடவும் தரையிறங்கவும் இந்த நிலைகள். எதிர்ப்பக்கம் தள்ளினால் 5 பாகை மேலே போகும், அது வேகப் பயணத்துக்கு. மெதுவாகப் பறக்கச் செதுக்கிய இறக்கை வேகத்தில் வீண் இழுவை தராமலிருக்க அந்த 5 பாகைதான் வழி. ஒரே இறக்கையை இரண்டு வேலைக்கும் பழக்குவது என்பது இதுதான்.

இன்னொரு அவசியம் ஏர்பிரேக். சறுக்கு விகிதம் 27 என்றால், ஓடுபாதையின் தொடக்கத்தில் 15 மீட்டர் உயரத்தில் வரும் விமானம் 400 மீட்டர் தாண்டித்தான் தரையைத் தொடும். தரையை ஒட்டி வரும்போது இழுவை இன்னும் குறைவதால் மிதந்துகொண்டே போகும். அதனால் இறக்கையின் மேற்பரப்பிலிருந்து எழும் தகடுகளை வைத்து வேண்டுமென்றே சறுக்கலைக் கெடுக்கிறார்கள். நல்ல சறுக்கல் தரையிறங்கும் நேரத்தில் தொந்தரவு.

இதே உடலுக்கு 12 மீட்டரை ஒட்டிய இறக்கை வைத்தது வைரஸ் என்ற மாதிரி. இன்னும் குறைத்து 10.7 மீட்டராக்கியது வைரஸ் எஸ்டபிள்யூ. வேகம் கூடியது, சறுக்கல் குறைந்தது. இந்திய விமானப்படை, கடற்படை, தேசிய மாணவர் படை ஆகியவற்றுக்காக 2015இல் ஒப்பந்தமான 194 விமானங்கள் இந்தக் குட்டை இறக்கை வகைதான். அவை மிதந்து பறப்பதற்காக வாங்கியவை அல்ல. சைனஸ் ஒன்றில் ஸ்லோவேனியாவின் மத்தேவ்ஷ் லெனார்சிச் 2004இல் தனியாளாக உலகைச் சுற்றினார்.

மூக்கில் இருக்கும் சிக்கல்

கிளைடரில் எஞ்சின் பொருத்துவதில் பெரிய தலைவலி எடை அல்ல, புரொப்பல்லர். எஞ்சின் ஓடாதபோது அது காற்றில் தானாகச் சுழன்றால் ஒரு தட்டு போல இழுவை தரும். நின்றாலும், தட்டையான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றால் சறுக்கல் கெடும். இதற்கு மூன்று தீர்வுகள் வந்திருக்கின்றன.

1. அலகுகளை, அதாவது புரொப்பல்லரின் தகடுகளை, திருப்புவது. புரொப்பல்லர் மூக்கிலேயே இருக்கும், ஆனால் எஞ்சின் நின்றதும் அதன் அலகுகள் காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பிக்கொள்ளும். ஃபெதர் செய்வது என்பார்கள். சைனஸ் இந்த வகை.

2. எஞ்சினை உள்ளே மடிப்பது. இருக்கைகளுக்குப் பின்னே ஒரு தண்டு எழும்பும், அதன் உச்சியில் புரொப்பல்லர். வேலை முடிந்ததும் உடலுக்குள் மடங்கி மேலே கதவு மூடிவிடும். பிபிஸ்ட்ரெல்லின் டாரஸ் இப்படித்தான். அதே 15 மீட்டர் இறக்கையோடு அதன் சறுக்கு விகிதம் 40ஐத் தாண்டுவதற்குச் சுத்தமான மூக்கு முக்கியக் காரணம்.

3. அலகுகளை மூக்குக்குள் மடிப்பது. ஜெர்மனியின் ஷ்டெம்மே எஸ்10 இதைச் செய்தது. எஞ்சின் பின்னால், புரொப்பல்லர் முன்னால், நடுவில் நீண்ட தண்டு. அருமையான வேலைப்பாடு, ஆனால் அல்ட்ராலைட்டின் எடை வரம்புக்குள் அடங்காது.

முதல் வழிதான் எளிமையானது. எஞ்சினை அணைக்கும் நேரத்தில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். விமானி முதலில் வேகத்தைக் குறைத்து எஞ்சினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு ஆறவிடுகிறார். பிறகு இக்னிஷனை அணைக்கிறார். காற்று தள்ளுவதால் புரொப்பல்லர் இன்னும் சுழலலாம், அதனால் மூக்கைத் தூக்கி வேகத்தை மேலும் குறைக்கிறார். ஒரு குலுக்கலோடு அது நிற்கும். இப்போது குமிழை இழுத்ததும் அலகுகள் கத்தியின் விளிம்பு போலக் காற்றை நோக்கித் திரும்பும். இரைச்சல் போய்க் காற்றின் சீழ்க்கை மட்டும் மிஞ்சும். அதுவரை ஒரு சிறு விமானமாக இருந்தது இப்போது கிளைடர்.

காற்றில் ஏறுவது

வெயிலில் தரை ஒரே சீராகச் சூடாவதில்லை. உழுத நிலம், பாறை, கட்டடங்கள் சீக்கிரம் சூடாகும். ஈரமான வயலும் ஏரியும் தாமதமாக. சூடான இடத்தின் காற்று பிரிந்து எழும்புவதைத்தான் தெர்மல் என்கிறோம். அது குளிர்ந்து ஈரம் நீர்த்துளிகளாகத் திரளும் உயரத்தில் பஞ்சுப் பொதி போன்ற மேகம் உருவாகும். அடிப்பாகம் தட்டையாக, விளிம்பு தெளிவாக இருக்கும் மேகத்தின் கீழே தெர்மல் இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பு பிய்ந்து கலையத் தொடங்கிவிட்டால் தாமதமாகிவிட்டது என்று பொருள். மலைச்சரிவில் மோதி எழும் காற்றும், மலையைத் தாண்டியபின் அலையலையாக எழும் காற்றும் இதேபோலப் பயன்படும்.

தெர்மலின் வலுவான நடுப்பகுதி குறுகலானது, அதற்குள்ளேயே திரும்ப வேண்டும். திரும்பும் வட்டத்தின் ஆரம் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. 40 பாகை சாய்ந்து மணிக்கு 100 கிலோமீட்டரில் சுற்றினால் ஆரம் சுமார் 95 மீட்டர். அதே சாய்வில் 150 கிலோமீட்டர் என்றால் 210 மீட்டர், பாதி வட்டம் தெர்மலுக்கு வெளியே போய்விடும். சாய்ந்து திரும்பும்போது இறங்கு வேகமும் கூடும். நேராகப் பறக்கையில் நொடிக்கு 1 மீட்டர் என்பது 40 பாகைச் சாய்வில் ஒன்றரை மீட்டராகிறது. நொடிக்கு 2.5 மீட்டர் எழும்பும் தெர்மலில் நிகர லாபம் 1 மீட்டர், நிமிடத்துக்கு 60 மீட்டர். நேராகப் பறக்கையில் நொடிக்கு 0.6 மீட்டர் மட்டுமே இறங்கும் முழுக் கிளைடர் அங்கே ஒன்றரை மடங்கு வேகமாக ஏறும். வலுவான நாளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பலவீனமான நாளில் ஒன்று மேலேயே இருக்கும், மற்றொன்று தரையிறங்கியிருக்கும். எஞ்சின் உள்ள அல்ட்ராலைட்டின் உண்மையான பலவீனம் இது, விளம்பரங்கள் அதிகம் பேசாதது.

அல்ட்ராலைட் என்பது சட்டத்தின் சொல்

இது விமானத்தின் குணத்தைச் சொல்லும் சொல் அல்ல. ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த வரம்பு: இரு இருக்கைகள், புறப்படும்போது அதிகபட்ச எடை 450 கிலோ, விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் இருந்தால் 472.5 கிலோ, இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2018இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, விரும்பும் நாடுகள் 600 கிலோ வரை தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ள இடம் கொடுத்தது. அமெரிக்காவிலோ அல்ட்ராலைட் என்பது ஓர் இருக்கைக்கும் 254 பவுண்டு, அதாவது 115 கிலோ காலி எடைக்கும் உட்பட்ட மிகச் சிறிய பொருள். எனவே ஐரோப்பாவில் அல்ட்ராலைட்டாகப் பதிவான இரு இருக்கை விமானம் கடலைத் தாண்டினால் அந்தப் பெயரில் பதிவாகாது, கிளைடர் வகைக்குள் போகலாம். அங்கே கிளைடர் ஓட்ட மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. பெயர் மாறினால் விமானிக்கு வேண்டிய தகுதியும் மாறுகிறது.

மோட்டார் கிளைடருக்கும் இயாசா எனப்படும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையிடம் ஒரு வரையறை உண்டு. மடிக்க முடியாத எஞ்சினும் புரொப்பல்லரும் கொண்டு தானாகப் புறப்பட்டு ஏறக்கூடிய கிளைடர், டூரிங் மோட்டார் கிளைடர். சான்றளிப்பு விதியில் ஒரு அழகான அளவுகோல் இருக்கிறது: எடையைக் கிலோவில் எடுத்து, இறக்கை நீட்டத்தின் இருபடியால் வகுத்தால் 3க்கு மேல் வரக் கூடாது. 450 கிலோ, 15 மீட்டர் என்றால் 2. எளிதாக உள்ளே வருகிறது. 10.7 மீட்டர் இறக்கையோடு 4ஐ ஒட்டிப் போய்விடும். நீண்ட இறக்கைக்கும் குட்டை இறக்கைக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதை இந்த ஒரே வகுத்தல் காட்டிவிடுகிறது.

எடை வரம்பு பறப்பவரை எங்கே கடிக்கும் என்றால் பெட்ரோலில். காலி எடை 285 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 450இல் மீதி 165. 75 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் மிஞ்சுவது 15 கிலோ, அதாவது சுமார் 20 லிட்டர். மணிக்கு 12 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அதிலும் கையிருப்பு ஒதுக்க வேண்டும். தொட்டியில் 60 லிட்டர் இடம் இருந்தாலும் சட்டப்படி நிரப்ப முடியாது. இருவர் பறக்கும் விமானம் என்று சொல்லிவிட்டு இருவரும் ஏறினால் எரிபொருளுக்கு இடமில்லாமல் போவது இந்த வகையின் பழைய குறை. 600 கிலோ விதி வந்தபோது வரவேற்பு இருந்ததற்குக் காரணம் இதுவே. அதே சமயம், எடை கூடினால் இறங்கு வேகமும் கூடும்.

மின்சாரம் இங்கே ஏன் பொருந்துகிறது

மேலே நிற்க 6 கிலோவாட் போதும் என்ற கணக்கை நினைத்துப் பாருங்கள். பேட்டரி கனமானது, சேமிப்பு குறைவு. ஆனால் குறைவாகக் கேட்கும் விமானத்துக்கு அது போதும். மோட்டார் சூடேறக் காத்திருக்க வேண்டாம், பொத்தானை அழுத்தியதும் சுழலும். டாரஸின் மின் வடிவம் இந்தத் தர்க்கத்தில் பிறந்தது. இரண்டு டாரஸ் உடல்களை இணைத்த ஜி4 என்ற விமானம் 2011இல் நாசாவின் பசுமைப் பறப்புப் போட்டியில் வென்றது. 2020 ஜூனில் இயாசாவின் வகைச் சான்று பெற்ற முதல் முழு மின் விமானமான வெலிஸ் எலெக்ட்ரோவும் இதே குடும்பம்தான். ஆனால் அது குட்டை இறக்கைப் பயிற்சி விமானம், கையிருப்பைத் தவிர்த்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே பறக்கும். புறப்பட்டு ஏறுவதற்கு மட்டும் மோட்டாரைப் பயன்படுத்தி மற்ற நேரம் காற்றில் பறக்கும் கிளைடருக்குத்தான் பேட்டரி உண்மையில் கைகொடுக்கிறது.

எஞ்சின் இருப்பதால் வரும் ஆபத்து

இந்த விமானங்களைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதில் மிக முக்கியமானது இது. எஞ்சின் இல்லாத கிளைடர் விமானிக்குத் தேர்வே கிடையாது. உயரம் குறையும்போது கீழே ஒரு நல்ல வயலைப் பார்த்துவைத்து அதில் இறங்குகிறார். எஞ்சின் உள்ளவருக்கு "இன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம், முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்துகொள்ளலாம்" என்று ஓர் எண்ணம் வரும். அந்த எண்ணத்தில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு மணி நேரம் குளிர்காற்றில் ஓடாமல் கிடந்த எஞ்சினை எழுப்புவது காரின் சாவியைத் திருப்புவது போன்றதல்ல:

1. புரொப்பல்லரை முதலில் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். அந்தக் கணத்திலிருந்தே சறுக்கல் கெடத் தொடங்கும்.
2. எரிபொருள் வால்வு, இக்னிஷன், சோக் என்று வரிசையாகச் செய்ய வேண்டியவை உண்டு. பதற்றத்தில் ஒன்று விடுபட்டால் போதும்.
3. வானொலியும் கருவிகளும் அதுவரை உறிஞ்சிக்கொண்டிருந்த அதே பேட்டரிதான் ஸ்டார்ட்டரையும் சுழற்ற வேண்டும்.
4. ஓடத் தொடங்கினாலும் எண்ணெய் குளிர்ந்திருக்கும். உடனே முழுத் திறன் கேட்பது எஞ்சினுக்கு நல்லதல்ல.

இதற்கெல்லாம் ஒரு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அமைதியான காற்றில் அந்த நிமிடத்துக்கு 60 மீட்டர் உயரம் செலவாகும். ஆனால் தெர்மல் எங்கும் கிடைக்காமல் தாழ்ந்து வந்த விமானி பெரும்பாலும் இறங்கும் காற்றில்தான் இருப்பார். அது நொடிக்கு 3 மீட்டர் என்றால், விமானத்தின் 1 மீட்டரையும் சேர்த்து நிமிடத்தில் 240 மீட்டர் போய்விடும். 300 மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு முதல் முயற்சியில் எஞ்சின் எழும்பாவிட்டால் இரண்டாவது முயற்சிக்கு உயரமே இல்லை, வயலைத் தேர்ந்தெடுக்க நேரமும் இல்லை.

சறுக்கு விகிதத்தை அப்படியே நம்புவதும் இதே தவறுதான். 27 என்றால் 1,000 மீட்டரிலிருந்து 27 கிலோமீட்டர் என்று மனம் கணக்குப் போடும். மணிக்கு 95 கிலோமீட்டரில் சறுக்கும்போது எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வீசினால் அது 18 கிலோமீட்டராகச் சுருங்கும். நடுவில் இறங்கும் காற்று கொஞ்சம் கிடந்தால் இன்னும் குறையும். அதனால் அனுபவமுள்ளவர்கள் கையேட்டு எண்ணில் பாதியை வைத்தே திட்டம் போடுகிறார்கள்.

கிளைடர் பயிற்சியில் இதற்குச் சொல்லித்தரும் ஒழுங்கு ஒன்றுதான். எஞ்சினை எழுப்பத் தொடங்கும் முன்பே இறங்கத் தகுந்த வயல் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எஞ்சின் எழும்பாது என்றே எண்ணி அந்த வயலைச் சுற்றி இறங்கும் பாதையில் ஏற்கெனவே நிலைகொண்டிருக்க வேண்டும். இதோடு ஒரு குறைந்தபட்ச உயரத்தையும் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்வார்கள். அந்த உயரத்துக்குக் கீழே வந்துவிட்டால் ஸ்டார்ட்டர் பொத்தான் பக்கம் கை போகக் கூடாது. ஏர்பிரேக் கைப்பிடி ஒரு கையில், கட்டுப்பாட்டுக் குச்சி இன்னொரு கையில், கண் வயலின் விளிம்பில்.